கயிற்றின் மறுமுனை

லினார்ட் ஊருக்கு வெளியே பனிமேட்டின் விளிம்பிலிருந்து கீழே பள்ளத்துக்குள் குதித்தான். இருவர் இடுப்பையும் இணைத்த கயிறு விறைத்தது. மேலே அவன் மனைவி மதலைனா குப்புற விழுந்து, கோடரியைப் பனியில் குத்தி, பூட்ஸ் முனைகளை உதைத்து ஊன்றி, கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இழுப்பு வந்தது. வந்த வேகத்திலேயே நின்றும்விட்டது.

"புடிச்சிட்டேன்! லினார்ட், உன்னப் புடிச்சிட்டேன்!"

"நான்தான் சொன்னேன்ல!" என்று கீழேயிருந்து அவன் குரல் வந்தது.

ஒரு மாதமாக அவள் தூக்கத்தைக் கெடுத்த கேள்விக்கு அன்று காலை விடை கிடைத்தது. மறுநாள் அவர்கள் ஏறப்போகும் மலை மேலே பனிப்பாறையில் விரிசல்கள் உண்டு. புதுப்பனி அவற்றை மூடி ஒன்றும் தெரியாதது போல் நடிக்கும். கால் வைத்தவன் உள்ளே போவான். கயிற்றின் மறுமுனையில் இருப்பவர்தான் பிடித்து நிறுத்த வேண்டும். அவள் ஐம்பது கிலோ, அவன் தொண்ணூறு. நிறுத்த முடியாவிட்டால் இரண்டு பேரும் உள்ளே.

வழிகாட்டி வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். ஊரில் கல்லெறிந்தால் ஒரு மலை வழிகாட்டி மேல்தான் விழும். ஆனால் லினார்ட் அந்தப் பரீட்சையில் தோற்றவன். அவனோடு எழுதிய பள்ளித் தோழர்கள் எல்லாரும் தேறி, சட்டையில் வழிகாட்டி வில்லை குத்திக்கொண்டு திரிகிறார்கள். "அவனுங்க பின்னாடி ஆட்டுக்குட்டி மாதிரி கயித்துல கட்டிக்கிட்டுப் போறதுக்கு நான் தச்சுப் பட்டறையிலயே செத்துப்போறேன்" என்பான். வீம்பு. வேறென்ன பேர் வைப்பது? ஆனால் சமையலறை ஜன்னலில் பத்து வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் பெர்னினாவின் உச்சியில் ஒரு தடவையாவது நிற்க வேண்டும் என்ற ஆசை அவளுக்கும் இருந்தது.

ரொட்டிக் கடை மெங்கியா முந்தின வாரமே கேட்டாள். இரண்டு தடவை பெர்னினா ஏறி இறங்கியவள், நூறு கிலோவுக்குக் குறையாதவள். "என்னையும் சேத்துக்கங்களேன். நான் உக்காந்தாப் போதும், ஒரு மாடு விழுந்தாக்கூட நிறுத்திடுவேன்."

வெளியே வந்ததும் லினார்ட் முகத்தைச் சுளித்தான். "அவ பேச ஆரம்பிச்சா பனிப்பாறையே இடிஞ்சு விழும்."

மதியம் பார்லி சூப் குடித்துவிட்டு, சாமான்களைச் சமையலறைத் தரையில் பரப்பினார்கள். மதலைனாவுக்குப் பாட்டு வந்தது. அவன் முதுகுப்பையின் நெஞ்சு வாரில் ஒரு சின்ன மடக்குக் கத்தி நூலில் தொங்கியது.

"இது எதுக்கு?"

"சாசேஜ் வெட்ட."

"சாசேஜ் பைக்குள்ள, கத்தி நெஞ்சுலயா?"

"எனக்கு எப்பப் பசிக்கும்னு யாருக்குத் தெரியும்?"

அவள் சிரித்துக்கொண்டே அவனுடைய கோடரியைத் துடைக்க எடுத்தாள். அலகு முழுக்கச் சேறு. நுனியில் புல்வேர்கள் சுற்றியிருந்தன. பனியில் ஏது சேறு? பள்ளத்தின் பக்கச் சுவரில்தான் பனி உருகி மண் தெரிந்துகொண்டிருந்தது.

"லினார்ட். நீ தொங்கவே இல்ல."

அவன் சாக்ஸை மடித்துக்கொண்டே இருந்தான்.

"மண்ணுல கோடரியக் குத்தி நீயே உன்னப் புடிச்சுக்கிட்ட. அப்படித்தானே?"

"உனக்குக் கொஞ்சம் தைரியம் வரட்டுமேன்னுதான்…"

"தைரியமா? அங்க விரிசலுக்குள்ள எனக்காக மண்ணு கொட்டி வச்சிருக்காங்களா? கெளம்பு. மறுபடி குதி. கோடரி எங்கிட்ட இருக்கட்டும்."

பனிமேட்டுக்குத் திரும்பிப் போய் மறுபடி கயிற்றைக் கட்டிக்கொண்டார்கள். கயிற்றின் நடுவே அவள் காலையில் போட்ட முடிச்சுகள் அப்படியே இருந்தன. விழும்போது விளிம்புப் பனியில் சிக்கி வேகத்தைக் குறைக்கும் தடித்த முடிச்சுகள். பள்ளத்தின் அடியில் மெத்துப் பனி குவிந்திருந்தது. விழுந்தால் கால் உடையலாம், சாக மாட்டான். இதையெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அவன் குதித்தான்.

இந்த முறை அவளால் கோடரியைக் குத்தக்கூட முடியவில்லை. யாரோ காலைப் பிடித்து இழுப்பது போல் கயிறு அவளை விளிம்பு நோக்கி வாரிக்கொண்டு போனது. பனி வாயிலும் கண்ணிலும் புகுந்தது. முதல் முடிச்சு பனியைக் கிழித்துக்கொண்டு போயிற்று. அடுத்ததும் போயிற்று. அவ்வளவுதான் என்று நினைத்தாள். கடைசி முடிச்சு சிக்கியது. தலை விளிம்புக்கு வெளியே நீட்டியபடி அவள் குப்புறக் கிடந்தாள். அவள் நிறுத்தவில்லை, முடிச்சு நிறுத்தியது.

கீழே பார்த்தாள்.

லினார்ட் தொங்கிக்கொண்டிருந்தான். கண்கள் மூடியிருந்தன. வலது கையில் கத்தி விரிந்திருந்தது. அதன் வாய் தலைக்கு மேலே கயிற்றைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அவளுக்கு எல்லாம் புரிந்தது. சத்தம் போட்டால் அவன் கை அசைந்துவிடும் என்று பயந்து மெல்லப் பேசினாள்.

"லினார்ட். நின்னுடுச்சு. கத்திய மடக்கு."

"நெசமாவா?"

"நெசமாத்தான். மடக்குய்யா, உன் கால்ல விழறேன்."

அவன் கண்ணைத் திறந்தான். கத்தியைப் பார்த்து அவனே திடுக்கிட்டான். "நான் யோசிக்கவே இல்ல, மதலைனா. கை தானாப் போயிடுச்சு."

"தானாப் போகுற அளவுக்கு எங்க பழகுன?"

"பட்டறையில. கதவச் சாத்திக்கிட்டு. ஒத்தக் கையில திறக்க…"

அவன் பக்கச் சுவரில் கால் ஊன்றி மெத்துப் பனியில் இறங்கினான். அவளும் இறங்கி வந்து, நெஞ்சில் ஓங்கி ஓங்கிக் குத்தினாள். அவன் வாங்கிக்கொண்டான்.

"நீ அறுத்துக்கிட்டுப் போயிடுவ. அறுந்த கயித்தச் சுருட்டிக்கிட்டு நான் வீட்டுக்கு வரணும். அந்த ஜன்னல்ல நின்னு பாத்திரம் கழுவணும். இதான் உன் திட்டமா?"

"ரெண்டு பேரும் போறதுக்கு…"

"வாய மூடு."

கடை சாத்தும் நேரத்தில் ரொட்டிக் கடைக்குப் போனார்கள். லினார்ட்தான் முன்னால் போனான்.

"நாளைக்கு உனக்கு வேல இருக்கா, மெங்கியா?"

மெங்கியா நனைந்த உடைகளையும் மதலைனாவின் கன்னத்துச் சிராய்ப்பையும் பார்த்தாள். அந்த வாயாடி பேசாமல் நின்றதை லினார்ட் அன்றுதான் பார்த்தான்.

"கயித்துல நடுவுல யாரு?" என்று கேட்டாள் கடைசியில்.

"மதலைனா."

"சரி. நான் முன்னாடி. சொல்றத மட்டும் கேக்கணும், தச்சரே." மேலங்கியைக் கழற்றிப் போட்டு, மிஞ்சிப்போன வாதுமைக் கேக்கை மேஜையில் வைத்தாள். "ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க. வெட்டிச் சாப்பிடுங்க."

லினார்ட் பழக்கத்தில் கத்தியைத் தேடிக் கையை நெஞ்சுக்குக் கொண்டுபோனான். கத்தி மதலைனாவின் கோட்டுப் பைக்குள், அவள் பிடிக்குள் இருந்தது. அவள் கேக்கை மற்றக் கையாலேயே பிய்த்து அவனுக்குக் கொடுத்தாள்.