நாகுராவுக்குப் போட்ட மெட்டு

ஹமாசே ஊரின் பேஸ்பால் அணியான கொக்குகள் தோற்றுக்கொண்டே இருந்த அந்தக் கோடையில், அணியை எப்படித் தூக்கி நிறுத்துவது என்று ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தெரியாதவர் அணியின் மேனேஜர் ஒருவர்தான். ஊரில் மற்ற எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்தவள் துறைமுகத் தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த முராசே நோபுகோ. அவள் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் அத்தனையையும் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க முடியும். தொண்டையில் சவரக்கத்தி ஓடிக்கொண்டிருக்கும்போது யார் மறுத்துப் பேசுவார்கள்?

பந்து பிடிக்கிறவனை மாற்ற வேண்டும், முட்டி வலியில் அவன் குந்துவதற்கே யோசிக்கிறான். முதல் ஆளாக அடிக்க வருகிறவனை ஏழாவதாகத் தள்ள வேண்டும். ஆட்டத்துக்கு முன்னால் வயிறு முட்ட நூடுல்ஸ் போடுகிறார்களே, அதனால்தான் மூன்றாவது பேஸில் நிற்கிறவன் கொட்டாவி விடுகிறான். சோற்று உருண்டை கொடுத்தால் போதாதா? இப்படிப் போகும் அவள் யோசனைகள். ஒருமுறை மேனேஜரே சவரத்துக்கு வந்து மாட்டிக்கொண்டார். முகத்தில் சூடான துண்டைப் போட்டு, ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள்.  அதற்குப் பிறகு அவர் அந்தத் தெருப் பக்கமே தலைகாட்டவில்லை. தன் யோசனைகளைச் செயல்படுத்துவதில் மும்முரமாக இருக்கிறார் என்று நோபுகோ கொஞ்ச நாள் நம்பிக்கொண்டிருந்தாள்.

வாய் மட்டும்தான் என்று அவளை யாரும் சொல்லிவிட முடியாது. மைதானத்தின் வலப்பக்கத் திறந்த வரிசையில் பெரிய முரசு அவளுடையது. அடிக்க வரும் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் தனியாக ஒரு மெட்டு உண்டு. கொம்புகள் அதை எடுத்துக் கொடுக்கும், முரசு தூக்கிப் பிடிக்கும், ஆயிரக்கணக்கான பேர் எழுந்து நின்று பாடுவார்கள். மழை பெய்தாலும் பாட்டு நிற்காது. அந்த மெட்டுகளுக்கெல்லாம் தாளம் போட்டவள் நோபுகோ. அவற்றில் அவளுக்கு ரொம்பப் பெருமையானது நாகுராவின் மெட்டு.

நாகுரா செய்ஜி உள்ளூர்ப் பையன். அலைதடுப்புச் சுவருக்குப் பக்கத்து ஐஸ் தொழிற்சாலையில் வேலை செய்கிறவரின் மகன். ஹமாசேயில் பிறந்து கொக்குகளுக்கு ஆட வந்தவன் அவனுக்கு முன்னால் யாரும் இல்லை. அவன் பெயர் அணியில் வந்த அன்று நோபுகோ கடையைச் சாத்திவிட்டுத் தாளம் போட உட்கார்ந்தாள். மூன்று அடி, பிறகு எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொள்ள ஓர் இடைவெளி, அதன் பிறகு நெஞ்சு அதிர இரண்டு அடி. ஊர்ப் பிள்ளைகள் அதைக் குப்பைத்தொட்டி மூடியில்கூடத் தட்டித் திரிந்தார்கள்.

ஆனால் நாகுரா அடிக்கவில்லை. வெளியூரில் அடித்தான், சொந்த மைதானத்தில் காற்றை அடித்தான். வெளியூருக்கு நோபுகோ போவதில்லை, கடை இருக்கிறதே. அங்கே போகிறவர்கள் சின்ன முரசு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் எல்லாருக்கும் ஒரே மாதிரி தட்டிவிட்டு வருவார்கள். சொந்த ஊரில் அவன் அடித்த கொஞ்சநஞ்சமும், ஆட்டம் இழுத்துக்கொண்டு போய் மணி பத்தைத் தாண்டிய நாட்களில்தான். அக்கம்பக்கத்து வீடுகள் தூங்க வேண்டும் என்பதால் பத்து மணிக்குக் கொம்பையும் முரசையும் நிறுத்திவிட வேண்டும். பாதிக் கூட்டம் கடைசி டிராமைப் பிடிக்கக் கிளம்பியிருக்கும். அப்போது நாகுரா அடிப்பான்.

கடைக்குத் தவறாமல் வருகிற இஷிகாமி, எதிர்த் தெருவில் மீன்வடை விற்கிறவன், நாகுராவுக்கு ஆந்தை என்று பெயர் வைத்தான். நோபுகோ அதையே பிடித்துக்கொண்டாள். நாகுரா ராத்திரி ஆட்டக்காரன், பத்து மணிவரை அவனை உட்கார வைத்துவிட்டு அப்புறம் இறக்க வேண்டும் என்பது அவளுடைய புது யோசனை ஆயிற்று. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். விடையைக் கையில் வைத்துக்கொண்டு கணக்கைத் தப்பாகப் போட்டாள் மகராசி.

கோடை முடிகிற சமயத்தில் பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. இந்தப் பருவத்தோடு சிலரை அணி அனுப்பிவிடப் போகிறது, அதில் நாகுராவும் இருக்கலாம் என்று. அன்றைக்கு நோபுகோவிடம் சவரம் செய்துகொண்ட இஷிகாமி தாடையில் இரண்டு கீறலோடு போனான்.

அடுத்த திங்கட்கிழமை கடைக் கதவை யாரோ தட்டினார்கள். திங்கட்கிழமை முடிதிருத்துகிறவர்களுக்கும் விடுமுறை, பேஸ்பாலுக்கும் விடுமுறை. எரிச்சலோடு திரையை விலக்கிப் பார்த்தால் வெளியே நாகுரா, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு.

"ஒட்ட வெட்டிடுங்கக்கா" என்றான்.

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அடிக்க முடியாமல் தவிக்கிற ஆட்டக்காரன் தலையை மொட்டையாக்கிக்கொண்டு வந்து நின்றால், மன்னிப்புக் கேட்கிறான் என்று அர்த்தம். அவனை உட்கார வைத்துத் துணியைப் போர்த்தி மெஷினை ஓட்டினாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து பார்த்தாள், முடியவில்லை. பத்து மணி யோசனையை எடுத்துவிட்டாள். அவன் எல்லாவற்றுக்கும் சரிங்கக்கா, சரிங்கக்கா என்றான். அவன் சரி சொல்லச் சொல்ல அவளுக்கே அந்த யோசனை ருசிக்காமல் போயிற்று.

பிடரியை மழிக்கச் சவரக்கத்தியை எடுத்துத் தோல் வாரில் தீட்டினாள். கை தானாகவே அவனுடைய தாளத்தைப் போட்டது. மூன்று இழுப்பு, ஓர் இடைவெளி, இரண்டு இழுப்பு. தற்செயலாகக் கண்ணாடியைப் பார்த்தாள். மூன்று இழுப்புக்கும் துணிக்கு அடியில் அவன் தோள்கள் எழுந்தன. இடைவெளியில் மூச்சு நின்றது. கடைசி இரண்டுக்கும் கைகள் இறுகி முறுக்கின. ஏதோ தற்செயல் என்று நினைத்து மறுபடி தீட்டினாள். மறுபடியும் அதேதான். மூன்றாம் தடவை வேண்டுமென்றே இடைவெளியை நீட்டினாள். பையன் முன்னால் சாய்ந்து, வராத அடிக்காக அப்படியே காத்துக்கொண்டிருந்தான். அவனுக்கே அது தெரிந்த மாதிரி இல்லை.

நோபுகோ தீட்டுவதை நிறுத்தினாள். எதிரணியில் பந்து வீசுகிறவன் என்ன முட்டாளா? மூச்சடங்குகிற அந்த இடத்தில் பந்தை விடாமல் ஒரு கணம் பிடித்து வைத்திருந்தாலே போதுமே. ஆட்டத்துக்கு ஆட்டம் அதைத்தானே செய்திருக்கிறார்கள்.

"தம்பி, முரசு உனக்கு இடைஞ்சலா இருக்கா?"

"அய்யோ, அதெல்லாம் இல்லக்கா."

"கத்தி என் கையில இருக்கு. பொய் சொல்லாதே."

அவன் சிரிக்கப் பார்த்தான். பிறகு கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னான். "வெளியூர்ல பந்து எப்ப வருதோ அப்ப அடிக்கிறேன். இங்க முரசு எப்ப விழுதோ அப்ப கை போயிடுது. சின்னப் பிள்ளையில உங்க பக்கத்துலதானே உக்காந்து கை தட்டினேன். உடம்பு சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குதுக்கா."

"இதை ஏன்டா முன்னாடியே சொல்லல?"

"மழையில நனைஞ்சுக்கிட்டு எனக்காக அடிக்கிறீங்க. நிறுத்துங்கன்னு எந்த வாயால சொல்றது?"

அவளுக்குச் சுருக்கென்றது. அணியில் ஒருவர் பாக்கியில்லாமல் இடம் மாற்றி வைத்தாயிற்று, சமையல்காரனைக்கூட விட்டு வைக்கவில்லை. தன் முரசை மட்டும் தொடவில்லை. அதே நேரத்தில், தான் போட்ட தாளம் ஒரு பையனின் எலும்புவரை போய் உட்கார்ந்திருக்கிறதே என்று உள்ளூர ஒரு பெருமையும் எட்டிப் பார்த்தது. அதை அப்போதைக்கு அடக்கிவைத்தாள்.

"நாளைக்கு நீ அடிக்க வரும்போது சத்தம் இருக்காது" என்றாள் பிடரியை மழித்துக்கொண்டே. "ஊர் கைவிட்டுடுச்சுன்னு நினைச்சுடாதே."

சொல்லிவிட்டாளே தவிர, அது அவள் கையில் மட்டும் இல்லை. ரசிகர் சங்கத்தின் தலைவர் குவாபாரா பழைய டிராம் ஓட்டுநர். மைதானத்தில் வெள்ளைக் கையுறையோடு அவர் கையை ஏற்றினால் கூட்டம் பாடும், இறக்கினால் நிற்கும். மறுநாள் ஆட்டத்துக்கு முன்னால் படிக்கட்டுக்கு அடியில் கொடிகளைப் பிரித்துக்கொண்டிருந்தவரிடம் நோபுகோ விஷயத்தைச் சொன்னாள். அவர் முகம் கறுத்துவிட்டது. ரசிகர்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: வெறுத்துவிட்டோம், உங்களுக்குக் கத்துவதற்குக்கூட மனசில்லை. பல வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒருமுறை அப்படிச் செய்தார்கள். அன்றைக்கு ஆட்டக்காரர்கள் உடைமாற்றும் அறையில் அழுததாகக் கேள்வி.

"மொட்டையடிச்சுக்கிட்டு வந்து நிக்கிற ஊர்ப் பையனை நாமளே மிதிக்கணுமாம்மா?" என்று குவாபாரா கேட்டார்.

"அவன் அடிக்காததுக்குக் காரணம் என் மெட்டு."

கொம்பு துடைத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். தப்பு தன்னுடையது என்று நோபுகோ சொல்லி அங்கே யாரும் கேட்டதில்லை. குவாபாரா கையிலிருந்த கொடியைக் கீழே வைத்தார்.

"ஒரே ஒரு தடவை" என்றார் கடைசியில். "அவன் அடிக்கலைன்னா ஊர் என்னைத்தான் கேக்கும். நான் முரசை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்."

"குடுத்துடுங்க" என்றாள். 

அன்று நாகுராவை முதலில் இறக்கவில்லை. எட்டாவது சுற்றில் கொக்குகள் ஒரு ஓட்டம் பின்தங்கி, இரண்டு பேஸ்களில் ஆள் நிற்கும்போது, மாற்று ஆட்டக்காரனாக அவன் பெயரை அறிவித்தார்கள். மைதானம் எழுந்து நின்றது. கொம்புகள் பழக்க தோஷத்தில் வாய்க்குப் போயின. குவாபாராவின் வெள்ளைக் கையுறை மேலே ஏறி, அப்படியே கீழே இறங்கியது. வலப்பக்கம் முழுவதும் அடங்கிப் போயிற்று.

மைதானத்தின் உள்பக்க வரிசைகளில் இருந்த சொந்த ஊர்க்காரர்களுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கொதித்தார்கள். முரசு எங்கே என்று ஒருவர் கத்தினார். ஊர்ப் பிள்ளைக்கு இப்படியா துரோகம் செய்வது என்று இன்னொருவர் காறித் துப்பினார். காகிதக் கோப்பை ஒன்று வந்து நோபுகோவின் தோளில் பட்டது. எதிரணிக்காரர்கள் இடப்பக்கத்திலிருந்து, "கொக்குக்கு மிச்சமிருந்த ஒத்தக் காலும் ஒடிஞ்சு போச்சு டோய்" என்று சிரித்தார்கள். நோபுகோ குச்சிகள் இரண்டையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றாள். விரல்கள் அரித்தன. பக்கத்தில் நின்ற இஷிகாமி, வாழ்க்கையில் முதல்முறையாக, எதுவும் கிண்டலாகச் சொல்லவில்லை.

பந்து வீசுகிறவன் வழக்கம்போல் பந்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான். எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. திரும்பி வலப்பக்கத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு வீசினான். நாகுரா விட்டுவிட்டான். பந்து கையுறைக்குள் விழுந்த சத்தம் மேல்வரிசைவரை கேட்டது. அடுத்ததைக் கோட்டுக்கு வெளியே தட்டிவிட்டான். மூன்றாவது பந்துக்கு அவன் தோள் முன்கூட்டி எழவில்லை. பந்து வந்த பிறகுதான் எழுந்தது.

கட்டையில் பந்து பட்ட சத்தம் நோபுகோவுக்குக் கேட்டது. இத்தனை வருஷம் அதே இடத்தில் நின்றும், தன் முரசின் நினைப்பிலேயே அதை அவள் ஒருநாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை. பந்து நடுவில் நின்றவனுக்கும் வலப்பக்கத்தில் நின்றவனுக்கும் எட்டாமல் சுவர்வரை உருண்டு போயிற்று. பேஸ்களில் நின்ற இருவரும் சுற்றி ஓடி வந்து ஓட்டம் எடுத்தார்கள், கொக்குகள் முந்திவிட்டன. கூட்டம் போட்ட கூச்சலில் குவாபாராவின் தொப்பி எங்கேயோ பறந்தது. நோபுகோ முரசைத் தொடவே இல்லை, அதன்மேல் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

நாகுரா இரண்டாவது பேஸில் நின்று, தலைக்கவசத்தைக் கழற்றி, வலப்பக்கம் பார்த்துக் குனிந்து வணங்கினான். விளக்கு வெளிச்சத்தில் மொட்டைத் தலை பளபளத்தது.

"அந்த மொட்டை நான் போட்டது" என்று யாரும் கேட்காமலே இஷிகாமியிடம் சொன்னாள்.

அந்த ஆண்டு கொக்குகள் கடைசி இடத்தில் முடிக்கவில்லை. கடைசிக்கு முந்தின இடம். ஹமாசே அதைக் கோப்பை வென்ற மாதிரி கொண்டாடியது. நாகுராவை அணி வைத்துக்கொண்டது. முட்டி வலிக்காரனை மாற்ற வேண்டும் என்று நோபுகோ இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள், மேனேஜர் இன்னும் வேறு கடைக்குத்தான் போகிறார்.

நாகுரா அடிக்க வரும்போது நோபுகோ இரண்டு குச்சிகளையும் தலைக்குமேல் தூக்கிக் குறுக்காகப் பிடிப்பாள். அத்தனை ஆயிரம் பேரும், உள்பக்க வரிசைகளில் அன்று துப்பினவர்கள் உட்பட, மூச்சுவிடாமல் நிற்பார்கள். புதிதாக வந்த வெளியூர்க்காரர் யாராவது, உங்களுக்குள் ஏதாவது சண்டையா என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார். அவர் திரும்பாமலே, அடிக்குரலில் சொல்வார்:

"பேசாம இருங்க. இது எங்க நோபுகோ அக்கா அவனுக்குப் போட்ட மெட்டு."