பெயரும் தெருவும்

எங்கள் வானொலி நிலையம் என்பது ஒரு மெக்கானிக் கடையின் மாடியில் ஒற்றை அறை. சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை. அக்கா பேசுவாள், நான் பொத்தான்களை ஏற்றி இறக்குவேன். ஒலிப்பொறியாளர் என்பது எனக்கு நானே சூட்டிக்கொண்ட பட்டம். அக்காவுக்கு நான் "டேய், அதைத் தொடாதே"தான். எங்கள் ஒலிபரப்பு பேருந்து நிலையத்தைத் தாண்டாது. தாண்டினாலும் புண்ணியமில்லை, எங்கள் சனம் முழுக்க அதற்குள்ளேதான் நெருக்கியடித்துக் கிடக்கிறது.

பெரிய பத்திரிகைகளில் எங்களுக்குப் பெயரே கிடையாது. எங்கள் வரிசை வீடுகள் எரிந்தபோது 'சிலர் பலி' என்று போட்டார்கள். அந்தச் சிலரில் எங்கள் அத்தையும் ஒருத்தி. அதிலிருந்து அக்கா ஒரு வழக்கம் வைத்தாள். எங்கள் மைக்கில் யார் பேசினாலும் முழுப் பெயர், தெரு, வேலை பார்க்கும் இடம் எல்லாவற்றையும் அவளே கம்பீரமாக அறிவிப்பாள். பெயரைக் கேட்டதும் வீட்டில் பெரிசுகள் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்.

பக்கத்துச் சலவை ஆலையில் மாடியில் இஸ்திரி போடுவது எங்கள் ஆட்கள். நிலவறையில் துணி வெளுப்பவர்கள் எல்லை தாண்டி வந்தவர்கள், கையில் ஒரு காகிதமும் இல்லாதவர்கள். இரண்டு தளத்துக்கும் ஒரே வெளுப்பு மருந்துப் புகை, ஒரே இருமல். ஆனாலும் படியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். நமக்கும் கீழே ஒருத்தர் இருக்கிறார் என்பதில் ஒரு சுகம்.

அக்காதான் நிலவறைக்கு இறங்கிப் போய்ப் பேசினாள். புகையை வெளியே தள்ளும் மின்விசிறியை இரு தளத்தாரும் சேர்ந்தே கேட்பது என்று முடிவாயிற்று. வெளுப்பவர்கள் சார்பில் வானொலியில் பேச ஒருத்தி வந்தாள். உள்ளங்கை முழுக்கத் தோல் உரிந்திருந்தது.

"என் பேரு எதுக்குக்கா? ஒரு பொம்பளைன்னு சொன்னா போதும்."

"அடி போடி! வெறும் பொம்பளையா நீ? வெட்கப்படாதே."

"வெட்கமில்லக்கா..."

"முதல் தடவை எல்லாருக்கும் இப்படித்தான். இவனைப் பாரு, இன்னைக்கும் மைக்கைக் கண்டா விக்கல் எடுக்கும்."

நானும் கடமையாக ஒரு விக்கல் எடுத்துக் காட்டினேன். அவள் சிரித்துவிட்டாள். அதற்குள் சிவப்பு விளக்கு எரிந்தது.

நேரலை. மகுடம் சூட்டுவது போல அக்கா அறிவித்தாள்: பெயர், தெரு, ஆலை. பேச வந்தவள் முகத்தில் ரத்தமே இல்லை. இருந்தாலும் பேசினாள். கொதிநீரைப் பற்றி, எரியும் கண்ணைப் பற்றி, மாடியில் இருமுகிறவர்களைப் பற்றியும். முடித்ததும் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கி ஓடினாள்.

மறுநாள் ஆலை வாசலில் குடியேற்றத் துறை ஆட்கள் நின்றார்கள். தெருவும் தெரிந்துவிட்டதால் வீட்டுக்கும் போயிருந்தார்கள். கிடைத்த இரண்டு பேரை வண்டியில் ஏற்றினார்கள். அவள் மட்டும் முதல் நாள் இரவே மகளைத் தூக்கிக்கொண்டு எங்கோ போய்விட்டாளாம்.

சும்மா சொல்லக்கூடாது, மின்விசிறி வந்தது. மாடிக்கு மட்டும். எங்கள் ஆட்கள் அதன் கீழே நின்று, காற்று பிரமாதம் என்றார்கள். கீழே யாரும் இப்போது புகார் சொல்வதில்லை என்று முதலாளி சொன்னார். உண்மைதான்.

அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனாள். அன்று வீட்டில் இல்லாததால் தப்பிய, அந்தப் பெண்ணின் அண்ணன் கதவைச் சங்கிலி விட்ட அளவுக்கு மட்டும் திறந்தார்.

"அண்ணே, நாளைக்கு அவளுக்காகத் தனி நிகழ்ச்சி போடறேன். எங்க சனமே திரண்டு வரும்."

"யாரும் வர வேண்டாம்மா."

"அவ எங்க இருக்கான்னாவது சொல்லுங்க. கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கணும்."

"சொல்ல மாட்டேன்."

"நான் உங்க பக்கம்ணே!"

"தெரியும்மா. அதான் பயமா இருக்கு."

அக்காவின் கை கதவிடுக்கில் இருந்தது. விரல் நசுங்கிவிடாமல் அதை மெதுவாக எடுத்து வெளியே விட்டுவிட்டுத்தான் அவர் கதவைச் சாத்தினார்.