பரணில் ஏறிய பலகை

பலகையைப் பரணில் பார்த்ததும் என் வாயில் வந்தது கெட்ட வார்த்தைதான். தாய்மாமா வீடு என்றுகூடப் பார்க்கவில்லை.

"யாரு செஞ்ச வேலை இது?" என்று கத்தினேன்.

கீழே இறக்கி வைத்திருந்த பூண்டுக் கட்டுகளுக்கு நடுவிலிருந்து பொன்னுவேல் மாமா சிரித்தபடி எட்டிப் பார்த்தார். "நாந்தேன் தாயி. நல்லாக் காஞ்சிருச்சு பாரு."

நல்லாக் காய்ந்துவிட்டதாம்!

தண்ணீருக்கு அடியில் தொல்லியல் வேலை பார்ப்பவள் நான். கடலில் மூழ்கிய கப்பல்களைத் தேடுவதுதான் என் பிழைப்பு. கொடைக்கானலுக்கு மேலே இருக்கும் எங்கள் ஊருக்கு விடுமுறைக்கு வந்தவள், ஏரியில் சும்மா முங்கிப் பார்த்தேன். சேற்றுக்குள் ஒரு படகு கிடந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் மரம் ஏற்றிய படகு. பேருக்கு ஓர் ஆணி கிடையாது. பலகைகளில் துளை போட்டுத் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்திருந்தார்கள். அது கடற்கரைக்காரர்களின் கைவேலை. அவர்களை இந்தக் குளிருக்கு யார் கூட்டி வந்தது, ஊர் திரும்பினார்களா, இங்கேயே செத்தார்களா, ஒருவருக்கும் தெரியாது. அவர்கள் இங்கே இருந்தார்கள் என்பதற்கு அந்தத் தையல் ஒன்றுதான் சாட்சி. தொல்லியல் துறை அதிகாரிக்குப் போன் போட்டேன். "கப்பல்னாப் பரவாயில்ல, படகுக்கெல்லாம் யாரும்மா வருவா?" என்றார். சரி, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று இறங்கினேன்.

கழன்று கிடந்த ஒரே ஒரு பலகையை மட்டும் ஆய்வுக்காக மேலே கொண்டுவந்தேன். அத்தனை காலம் ஊறிய மரத்தை உள்ளே தாங்கி நிற்பது தண்ணீர்தான். அப்படியே உலரவிட்டால் சுருங்கி வெடித்துவிடும். மருந்துத் தொட்டியில் மாதக்கணக்கில் போட்டுத் தண்ணீர் இருந்த இடத்தில் மருந்தை ஏற்ற வேண்டும். அந்தத் தொட்டியைக் கொண்டுவர மதுரைக்குக் கிளம்பும்போது, பலகையை மாமா வீட்டுச் சிமெண்டுத் தொட்டியில் போட்டு, "தண்ணி கொறையாமப் பாத்துக்கங்க மாமா" என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

எங்கள் பக்கம் விதைப்பூண்டைக் கட்டுக் கட்டாகக் கட்டி அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிடுவார்கள். புகை பட்டால் அடுத்த விதைப்புவரை கெடாது. மாமாவைப் பொறுத்தவரை எதைக் காப்பாற்ற வேண்டுமானாலும் அதுதான் வழி.

"தொட்டா அவிச்ச கெழங்கு மாதிரி அமுங்குச்சு தாயி. அழுகிப்போச்சுன்னா நீ தாங்கமாட்டியேன்னு, வெதப்பூண்ட எறக்கிட்டு இதுக்கு எடம் குடுத்தேன்."

பலகை முறுக்கிக்கொண்டு கிடந்தது. நீளத்துக்கும் வெடிப்பு. துளைகள் கோணிப் போயிருந்தன. ஒரு துளையில் மிச்சமிருந்த கயிற்றைத் தொட்டேன். உதிர்ந்துவிட்டது.

"தண்ணிக்கடியில நூறு வருஷம் நல்லாக் கெடந்துச்சு. உங்க வீட்டுல ஒரு வாரம் தாங்கல! அறிவிருக்கா உங்களுக்கு?"

"மாமனப் பாத்துப் பேசுற பேச்சாடி இது?" என்று முருகம்மாள் அத்தை பாய்ந்து வந்தாள்.

"பேசுவேன். இன்னும் பேசுவேன்!" என்றேன். அன்றைக்கு மாமா சாப்பிடவில்லை. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் ஊர்க்கூட்டம். கூட்டியவர் ஏரிக்கரையில் ரிசார்ட் கட்டியிருக்கும் ஜெயச்சந்திரன். முழுப் படகையும் கிரேன் வைத்துத் தூக்கித் தன் புல்வெளியில் நிறுத்தப் போகிறாராம். நான் எழுந்து, படகு சேற்றுக்குள் இருக்கிறவரைக்கும்தான் பத்திரம், அங்கேயே வைத்து அளந்து படம் எடுத்துக்கொள்ளலாம், வெளியே எடுத்தால் இந்தக் கதிதான் என்று பலகையை மேசையில் வைத்தேன்.

அந்த மனுஷன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வாவ்! இந்த ஆன்டிக் லுக்தான் மேடம் கெஸ்ட்டுக்குப் பிடிக்கும். இந்த வெடிப்புக்குள்ள லைட்டிங் குடுத்தா சும்மா அள்ளும்!"

கூட்டம் சிரித்தது. ஓங்கி ஓர் அறை விடலாமா என்று எனக்குக் கை பரபரத்தது. அவர் பாட்டுக்குத் திங்கட்கிழமை கிரேன் வரும் என்றார்.

பின்வரிசையில் மாமா எழுந்தார். "கிரேன் எந்த வழியா வருது?"

"வேற வழி ஏதுங்க? உங்க பூண்டுக்காட்டு வழியாத்தான். பூண்டு எடுத்தாச்சு, தாராளமா வாங்கன்னு நீங்கதான சொன்னீங்க?"

"சொன்னேன். இப்ப விடமுடியாதுங்கிறேன்."

"ஏன், என்ன ஆச்சு?"

"அந்தப் பலகையக் கெடுத்தது நாந்தேன்." மாமா ஊர் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "நல்லது பண்றதா நெனச்சுக் கெடுத்துப்புட்டேன். நீங்க தெரிஞ்சே கெடுக்கப் போறீங்க. எங்காட்டுல ஒரு டயரு பட்டுச்சு, குறுக்க விழுந்து படுத்துக்கிருவேன். ஏத்திட்டுப் போங்க."

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

"தனியாப் பேசிக்குவோங்க" என்றார் ஜெயச்சந்திரன்.

"பேச ஒண்ணுமில்ல. போய் சோலியப் பாருங்க."

திரும்பி நடக்கும்போது மாமா பலகையைத் தோளில் வைத்திருந்தார்.

"கோவம் போச்சா தாயி?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "போகல மாமா."

"எனக்கே எம்மேல போகல" என்றவர், அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதார்.