பெரணி போட்ட கடைசித் தாள்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பிறந்தது நான் பேனாவுக்கு ரீஃபில் வாங்கப் போன இடத்தில். கடைக்காரர் தேடிக்கொண்டிருந்தபோது, கண்ணாடி அலமாரிக்குள் ஒரு கடிதத்தாள் கட்டு. ஓரமெல்லாம் வெளிர்பச்சைப் பெரணி இலைகள் சுருண்டு சுருண்டு ஏறின. உறையின் உட்பக்கத்தில்கூட, யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைக்காமல், சின்னச் சின்னக் கொழுந்து போட்டிருந்தார்கள். பன்னிரண்டே தாள். எனக்குக் கைகால் ஓடவில்லை. கட்டை வாங்கிக்கொண்டு, ரீஃபிலை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

(அதனால் இதைப் பென்சிலில் எழுதுகிறேன். அதுவும் கட்டின் பின் அட்டையில். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.)

2.

முதல் தாள்: 'மழை கொட்டிய ஒரு மாலையில்' – சீ, யார் கதையைத் திறந்தாலும் மழை. இரண்டாவது: 'அவள் ஜன்னலைத் திறந்தபோது' – எதற்குத் திறந்தாள் என்று எனக்கே தெரியவில்லை. இப்படியே பதினொன்றைக் கசக்கிப் போட்டேன், பாவி. எட்டாவதில்தான் சீலம்மா வந்து சேர்ந்தாள்.

சீலம்மா மனுக்களைச் சரிபார்க்கும் குமாஸ்தா. குறை இருந்தால் சிவப்புக் கோடு, ஒரு சீல், திருப்பி அனுப்பு. முப்பது வருடப் பழக்கம். வீட்டுக்கு எழுதினால் சீலம்மா பிரிப்பதேயில்லை என்று அவளுடைய அக்கா ஒருமுறை அலுவலகத்துக்கே எழுதினாள்: 'உடம்புக்கு முடியலடி, ஒரு தடவ வந்துட்டுப் போ.' சீலம்மா அதையும் கட்டோடு கட்டாகப் பார்த்து, 'தேதி இல்லை, கையொப்பம் இல்லை, நிறைவு செய்து மீள அனுப்புக' என்று சீல் குத்தித் தபாலில் சேர்த்துவிட்டாள். நான்கு வருடமாக அக்கா பேசுவதில்லை.

(இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று எனக்கும் சந்தேகம்தான். கொஞ்சம் மாற்றி எழுதட்டுமா என்று அவளையே கேட்டேன். முடியாது என்றுவிட்டாள்.)

3.

நேற்று கதைக்குள்ளிருந்து எழுந்து வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"சார், அந்தக் கடைசித் தாளக் குடுங்க. அக்காவுக்கு எழுதணும்."

"அது கதையோட முடிவுக்கும்மா. வெள்ளைத் தாள் தரட்டா?"

"வெள்ளைத் தாளப் பாத்தா ஆபீஸ் கைதான் வருது. இதப் பாருங்க."

நீட்டினாள். 'பொருள்: நான்கு வருடங்களாகப் பேசாமல் இருப்பது தொடர்பாக. பார்வை: தங்கள் கோபம்.'

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

"இந்த இலைக்குப் பக்கத்துல பொருள்னு எழுத மனசு வருமா, சொல்லுங்க. பதினொன்னு நீங்க வீணாக்கினீங்க. நான் ஏதாவது கேட்டேனா?"

4.

முடிவு அ: கடிதத்தைப் படித்த அக்கா ஓடோடி வருகிறாள். (சினிமா.)

முடிவு ஆ: அக்கா அதே போல ஒரு சீல் செய்து, குத்தித் திருப்பி அனுப்புகிறாள். (எனக்கு ரொம்பப் பிடித்தது. சீலம்மா முறைத்தாள்.)

முடிவு இ: நான்கு வருடத்தில் அக்காவின் உடம்பு – வேண்டாம். இந்த வாக்கியத்தை நான் முடிக்கமாட்டேன்.

5.

கொடுத்துவிட்டேன். தாளின் ஓரத்தை விடாமல் பிடித்துக்கொண்டேதான் கொடுத்தேன்.

அவளிடம் இருந்தது சிவப்புப் பேனா. அதை மூடி வைத்துவிட்டு என் பென்சிலைக் கேட்டாள். முதலில் தேதி போட்டாள். கீழே கையெழுத்துப் போட்டாள். நடுவில் வெகுநேரம் இலையைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு எழுதினாள்: 'அக்கா, வந்துட்டேன்.'

"இன்னும் போகவே இல்லையேம்மா?"

"இதத் தபால்ல போடமாட்டேன் சார். நானே கொண்டுபோய்க் குடுக்கப்போறேன்."

பென்சிலைச் சீவித் திருப்பித் தந்துவிட்டுப் போனாள். அக்கா கதவைத் திறந்தாளா, திறக்க அக்கா இருந்தாளா, எனக்குத் தெரியாது. எழுதத் தாளும் இல்லை, அட்டையும் தீர்ந்துகொண்டு வருகிறது. உங்களிடம் நல்ல தாள் இருந்தால் நீங்களே எழுதுங்கள். தேதியும் கையெழுத்தும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இனி அவள் திருப்பி அனுப்பமாட்டாள்.