தாழ்ப்பாள் வேலை

எங்கள் வகுப்பில் ஏழு குழந்தைகள். ஒவ்வொருவரும் தமக்குரிய சிறு பாயில் அமர்ந்து, நீர் ஊற்றுதல், பொத்தான் மாட்டுதல், பயறு பிரித்தல், பலகையில் பதித்த தாழ்ப்பாளைத் திறந்து மூடுதல் என ஏதேனும் ஒரு வேலையைத் தம் கைகளாலேயே செய்து கற்பர். வேலையில் ஆழ்ந்த குழந்தையைப் பெரியவர் எவரும் இடைமறிக்கலாகாது. வேலை முடிந்ததும் திறந்ததை மூடிவைக்க வேண்டும். இவ்விரு விதிகளையும், ஆறாண்டுகள் அவ்வறையைப் பெருக்கியபோதே நான் மனத்தில் பதித்திருந்தேன். நாற்பதாம் வயதில் ஆசிரியர் பயிற்சித் தேர்வில் தேறி, அன்றுதான் முதன்முதலாக வகுப்பைத் தனியே ஏற்றேன்.

"பதினோரு மணிக்கு வந்துடுவேன். பிள்ளைங்களை ஒரு நிமிஷம் தனியா விட்டாலும், நாளையிலேருந்து பழையபடி துடைப்பம்தான். சொல்லிட்டேன்" என்று எச்சரித்துவிட்டுப் பள்ளியை நடத்தும் பெரிய மிஸ் வெளியே சென்றார்.

பத்தரை மணிக்குப் பயறு போதவில்லை. எடுப்பதற்காகச் சாமான் அறைக்குள் நுழைந்தேன். முதுகுக்குப் பின்னால் கதவு மூடியது, தாழ்ப்பாள் விழுந்தது.

"யாரது?"

"நான்தான் அக்கா." நாங்கள் சுண்டெலி என்று அழைக்கும் நாலரை வயதுச் சிறுமியின் குரல். "கதவு திறந்து கிடந்துச்சு. மூடிட்டேன்."

"சமத்து. இப்ப திற பாக்கலாம்."

"வரமாட்டேங்குது. நம்ம பலகையில இருக்குற தாழ்ப்பாள் மாதிரி இல்ல. இது முரடு."

"குமிழைத் தூக்கு. திருப்பு. அப்புறம் இழு."

"வாயால சொன்னா எப்படி? கையால காட்டுங்க."

அவள் கூறியது முற்றிலும் சரி. பேசாமல் கையால் செய்துகாட்டுவதே எங்கள் முறை. கதவுக்கடியில் நான்கு விரற்கடை இடைவெளி இருந்தது. குப்புறப் படுத்துக் கையை வெளியே நீட்டி, இல்லாத குமிழொன்றைப் பற்றினேன். தூக்கினேன், திருப்பினேன், இழுத்தேன். மும்முறை காட்டுவதற்குள் தோள் மரத்துப்போயிற்று. சன்னலற்ற அவ்வறையில் பினாயில் நெடி தொண்டையை அடைத்தது.

கடக்கென்ற ஓசையுடன் கதவு ஒரு சாண் திறந்தது.

"வந்துடுச்சு அக்கா!"

நான் கையூன்றி எழுவதற்குள் கதவு மீண்டும் மூடியது. புதிதாகக் கற்றதைச் சலிக்கும்வரை திரும்பத் திரும்பச் செய்வதும் எங்கள் வகுப்பின் வழக்கமே.

"ஏய் எலிக்குட்டி! அக்கா வெளியே வரணும்டி!"

"உஷ்! வேலை செய்றவங்ககிட்ட பேசக்கூடாது."

அப்போது வாசலில் செருப்பு கழற்றும் ஓசை கேட்டது. பெரிய மிஸ் முன்னதாகவே வந்துவிட்டார். கதவைத் தட்டுவதற்கு ஓங்கிய கையை இறக்கிக்கொண்டேன்.

"அக்கா எங்கம்மா?"

"உள்ளே வேலையா இருக்காங்க."

"தாழ்ப்பாள் வெளியே போட்டிருக்கே?"

"அது என் வேலை மிஸ். நீங்க தொடாதீங்க."

நாற்காலி இழுபடும் ஓசை எழுந்தது.

"தொடலம்மா. நீ பொறுமையா முடி" என்றார் பெரிய மிஸ். அடுத்த சொற்கள் கதவை நோக்கி வந்தன: "துடைப்பம் அங்கேதானே இருக்கு? வரும்போது எடுத்துட்டு வா."

தாழ்ப்பாள் திறந்தது. நான் எழுந்திருக்க விரையவில்லை. அது மீண்டும் விழுந்தது.