கக்கூஸ் சாவி

தம்பியிடம் போய்ச் சாவி கேட்பதைவிட, முன்பின் தெரியாத டாக்டர் முன்னால் வேட்டியை அவிழ்ப்பது மேல் என்று சுப்பராயலு முடிவு செய்தார். உடம்பின் மேல் வந்த அக்கறை ஒன்றும் இல்லை. வீம்பு, அவ்வளவுதான்.

மண்டகப்பட்டில் அவர்கள் குடும்பத்தில் பாகம் பிரிக்கும்போது மூத்தவன் கோடு போடுவான், இளையவன் முதலில் எடுப்பான். மூத்தவன் ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. சுப்பராயலு அதிலும் ஏமாற்றினார். ரோட்டை ஒட்டிய முன்பாதி வீட்டின் மேல் அவருக்கு ஒரு கண். தம்பி சின்னக்கண்ணுவின் பெண்டாட்டி வெண்ணிலா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கக்கூஸ், கக்கூஸ் என்று ஏங்கியவள். கவர்மெண்டு கட்டிக் கொடுத்த கக்கூஸில் அதுவரை யூரியா மூட்டைதான் குடியிருந்தது. அதைப் பின்பாதியோடு சேர்த்துக் கோடு போட்டார். வெண்ணிலா பின்பாதிதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். முன்பாதி அண்ணனுக்கு வந்தது. மூட்டைக்குப் போட்ட ரூமைக் கொடுத்து ரோட்டோர வீட்டை வாங்கிய சாமர்த்தியத்தை அவர் டீக்கடையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அது தம்பி காதுக்குப் போயிற்று. சின்னக்கண்ணு பேச்சை நிறுத்தினான். கக்கூஸுக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு பூட்டும் போட்டான்.

பூட்டிக்கொள்ளட்டுமே என்றிருந்தார் சுப்பராயலு. அறுபதைத் தாண்டியதும் ராத்திரியில் மூத்திரம் எழுப்ப ஆரம்பித்தது. கண் சொருகும் நேரம் பார்த்து எழுப்பும். டார்ச்சை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டித் தரிசாகக் கிடக்கும் கரம்புக்குப் போய்விட்டு வந்து படுத்தால் மறுபடியும் எழுப்பும். போன மாதம் மதகுக் கல் தடுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகியது. பெண்டாட்டி அஞ்சம்மாள் கட்டுப் போட்டுக்கொண்டே தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

"தம்பிகிட்ட சாவி கேளு, இல்ல டாக்டரப் பாரு. ரெண்டுல ஒண்ணு. இடுப்ப ஒடச்சிக்கினு வந்தா உன்னத் தூக்கிக்கினு அலைய என்னால ஆவாது."

ஆக, அஞ்சம்மாளையும் கூட்டிக்கொண்டு விழுப்புரம் வந்தார். டாக்டர் முதலில் ஸ்கேன் எடுத்துவரச் சொன்னார். ஸ்கேன் சென்டரில், வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். அடக்க முடியாமல் வந்தவனையே அடக்கச் சொல்கிற வைத்தியத்தை அவர் மனசுக்குள் வைதுகொண்டிருந்தபோது, எதிர் பெஞ்சில் தண்ணீர் பாட்டிலோடு வந்து உட்கார்ந்தவன் சின்னக்கண்ணு. பக்கத்தில் வெண்ணிலா.

சுப்பராயலுவுக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. அஞ்சம்மாளிடம் சொல்வதுபோல ஹால் முழுக்கக் கேட்கச் சொன்னார். "பாத்தியா? கக்கூஸக் கட்டிக்கினு அழுவுறவனுக்கும் இந்த நோவு வந்துகீது."

சின்னக்கண்ணு தன் பெண்டாட்டி பக்கம் திரும்பினான். "தள்ளி ஒக்காரு வெண்ணிலா. இங்கயும் நடுவுல ஒரு கோடு போட்டுடப் போறாரு."

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். சுப்பராயலுவுக்கு முகம் சுண்டிவிட்டது.

முதலில் அவரைக் கூப்பிட்டார்கள். ஸ்கேன் பார்த்த பெண், "போயிட்டு வாங்கய்யா, மிச்சம் நிக்குதான்னு இன்னொரு தடவ பாக்கணும்" என்றாள். அந்த இடத்தில் இருந்தது ஒரே கக்கூஸ். உள்ளே போய்த் தாழ் போட்டார். முடித்துவிட்டு வேட்டியைச் சரிசெய்யும்போது கதவு படபடவென்று அதிர்ந்தது.

"யாருங்க உள்ள? ஜல்தி வாங்க, தாங்கல."

தம்பி குரல். சுப்பராயலு தாழ்ப்பாளில் வைத்த கையை எடுத்துக்கொண்டார். வெளியே அஞ்சம்மாள் ஏதோ சொன்னது கேட்டது. அதற்கப்புறம் தட்டுவது நின்று குரல் மட்டும் வந்தது.

"அண்ணா, தெறண்ணா."

மூன்று வருஷத்தில் தம்பி வாயிலிருந்து வந்த முதல் அண்ணா அது. சுப்பராயலுவுக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது. டார்ச்சும் கையுமாக ரோட்டைத் தாண்டிய ராத்திரியெல்லாம் நெஞ்சில் வந்து நின்றது.

"எங்கிட்ட சாவி இல்லடா" என்றார் உள்ளிருந்து. "நீ போட்ட பூட்டக் கழட்டிக்கினு வந்து தட்டு."

"ஐயோ, தெறயேன்!" என்றாள் அஞ்சம்மாள். அவர் திறக்கவில்லை. இன்னொரு தடவை அண்ணா என்று கூப்பிடட்டும், திறக்கலாம் என்று காத்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை.

தாழை நீக்கிவிட்டு வெளியே வந்தார். சின்னக்கண்ணு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தான். வேட்டி காலோடு ஒட்டியிருந்தது, தரையில் ஈரம். சிரித்தவர்களெல்லாம் இப்போது தலையைக் குனிந்திருந்தார்கள். வெண்ணிலா முந்தானையைப் பிரித்துப் புருஷனை மறைத்தாள். சுப்பராயலு தோளிலிருந்த துண்டை எடுத்து நீட்டினார். யாரும் வாங்கவில்லை. அஞ்சம்மாள் அந்தத் துண்டைப் பிடுங்கி ஈரத்தின் மேல் போட்டுத் துடைத்தாள்.

டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "வயசுக்கு ஏத்த புராஸ்டேட் வீக்கம்தான், பயப்பட ஒண்ணுமில்ல" என்றார். கணுக்காலை அழுத்திப் பார்த்தார், நீர் கோத்துக் குழி விழுந்தது. தின்கிற மாத்திரையெல்லாம் கேட்டார். பிரஷர் மாத்திரை ஒன்றைக் கையில் எடுத்து, "இது நீர் இறக்குற மாத்திரை. காலைலதானே எழுதியிருக்கு? எப்ப போடுறீங்க?" என்று கேட்டார்.

"ராத்திரிங்க." மல்லாட்டைக் கடலை மூட்டையோடு திண்டிவனம் மார்க்கெட் கமிட்டிக்குப் போனால் ஏலம் முடிகிறவரை மூட்டையைவிட்டு நகர முடியாது, அதனால் ராத்திரிக்கு மாற்றிக்கொண்டேன் என்றார்.

"மூட்டையக் காப்பாத்தித் தூக்கத்த வித்துட்டீங்க" என்றார் டாக்டர். மாத்திரையைக் காலையில் போடச் சொன்னார். சாயங்காலத்துக்கு மேல் டீயும் தண்ணீரும் குறைக்க வேண்டும், பகலில் குறைக்கக் கூடாது. காலில் கோத்த நீர் பகலிலேயே இறங்க, மத்தியானம் காலைத் தலையணை மேல் தூக்கிவைத்துக் கொஞ்சம் படுக்க வேண்டும். மூத்திரம் எரிந்தாலோ அடைத்தாலோ உடனே வர வேண்டும்.

சொன்னபடி செய்தார். சில நாளிலேயே ராத்திரி எழுந்திருப்பது ஒரு தடவையாகக் குறைந்துவிட்டது. யார் சாவியும் தேவைப்படவில்லை. ஆனால் நிம்மதியும் இல்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது. யார் மேல் என்றுதான் சொல்லத் தெரியவில்லை.

ஒருநாள் காலை பின்பக்கம் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். கக்கூஸ் கதவு அகலத் திறந்திருந்தது. பூட்டைக் காணோம். தாழ்ப்பாளையும் கழற்றியிருந்தார்கள். வெண்ணிலா துடைப்பத்தோடு நின்று மாட்டிடம் பேசுவதுபோலப் பேசினாள்.

"ராவும் பகலும் தெறந்தே கெடக்கும். யாருக்கு வேணுமோ வந்துட்டுப் போவட்டும், எங்க வாசல்ல நின்னு யாரும் தட்ட வேணாம்னு சொல்லச் சொன்னாரு. தட்டிக்கினு நிக்கிறது எப்டி இருக்கும்னு அவருக்குத் தெரியுமாம்."



"கேட்டுதா?" என்றாள் அஞ்சம்மாள். "போ. இப்ப தெறந்துதான் கெடக்குது."

காலையில் போட்ட மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. அவர் செம்பை எடுத்துக்கொண்டு, அந்தக் கதவுப் பக்கம் திரும்பாமல், வெயிலில் ரோட்டைத் தாண்டிக் கரம்புக்குப் போனார்.