கண்மட்டம்

வினிகர் தொழிற்சாலையின் லேபில் எல்லாமே ஒரே ஆளின் கைக்கு எட்டும்படி இருந்தது. ரசாயன பாட்டில்கள் மேல் தட்டில். மின்விசிறி சுவிட்ச் அதற்கும் மேலே. அந்த ஆள் மூத்த அனலிஸ்ட், ஆறடி இரண்டு அங்குலம். கண்ணாடிச் சாமான் கழுவும் அக்கா அவனுக்கு வைத்த பெயர் ஒட்டடைக்குச்சி. அதை அவன் காதுபடச் சொல்லமாட்டாள்.

இளைய அனலிஸ்ட் நாலடி எட்டு அங்குலம். அவளுக்கு அவன் வைத்த பெயர் அரைப்படி. அதை ஊர் காதில் விழும்படிதான் சொல்வான்.

"அரைப்படி, இன்னைக்கும் வகிடு கோணல்" என்பான் காலையில், அவள் உச்சந்தலையைப் பார்த்து. வீட்டுக் கண்ணாடி முன் மூன்று முறை வகிடு எடுத்துவிட்டு வந்தாலும் அதே பேச்சுதான். தன் உச்சியைத் தானே பார்க்க யாரால் முடியும்? லேப் கோட்டின் கையை அம்மா நாலு விரற்கடை மடித்துத் தைத்திருந்தாள். அந்தத் தையலை நிமிண்டிக்கொண்டு நிற்பாள்.

வினிகரில் புளிப்பு எத்தனை சதவீதம் என்று பார்ப்பதுதான் வேலை. பியூரெட் என்ற நீளக் கண்ணாடிக் குழாயை ஸ்டாண்டில் செங்குத்தாக மாட்டி, காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். கீழே இருக்கும் வினிகர் இளஞ்சிவப்பானதும் நிறுத்தி, எவ்வளவு இறங்கியது என்று படிக்கவேண்டும். பூஜ்யம் குழாயின் தலையில் இருக்கும். முடிகிற அளவு பாதி வாக்கில். இரண்டையும் கண்மட்டத்தில் வைத்துப் படித்தால்தான் சரி. மேலே நின்று குனியாமல் பார்ப்பவனுக்கு மட்டம் உள்ளதைவிட உயரமாகத் தெரியும்; எண் குறைந்து வரும்.

பூஜ்யம் படிக்க அவளுக்கு ஸ்டூல் வேண்டும். முடிவைப் படிக்க அவன் குனிய வேண்டும். அதனால் அவன் ஒரு வழக்கம் கண்டுபிடித்திருந்தான். பூஜ்யத்தை அவன் படிப்பான். முடிவை, நின்றபடியே, அவள் படித்துச் சொல்வாள்.

"எவ்வளவு?"

"இருபத்து நாலு புள்ளி ஆறு, சார்."

எழுதுவது அவன். கையெழுத்தும் அவனுடையதுதான். இரண்டு வருடமாக அவன் முதுகு வளையவில்லை.

லேப் இன்சார்ஜ் இடம் காலியானபோது, மேசைக்கடியில் உருண்ட மூடி எதுவானாலும் எடுக்கப் போகிறவள் அவள்தான் என்பதால், அன்றும் அவள் மேசைக்கடியில் இருந்தாள். மேனேஜரும் அவனும் உள்ளே வந்தார்கள். அவளை யாரும் கவனிக்கவில்லை.

"நல்ல பொண்ணுதான் சார். ஆனா இன்சார்ஜுன்னா நாலு பேர் நிமிர்ந்து பார்க்கணும். இவளைப் பார்க்கவே குனியணும். மேல்தட்டு பாட்டிலுக்கே என்னைத்தான் கூப்பிடுறா."

"அவ கணக்கா வேலை செய்றாள்னு சொன்னாங்களே?"

"எல்லாம் நான் சொல்லிக்குடுத்து செய்றது. கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதேன்னு சும்மாவா சொன்னாங்க?"

மேனேஜர் சிரித்தார். "திங்கக்கிழமை தேர்வு வைக்க வெளியாள் வரார். யாரு விடை சரியா இருக்கோ அவங்கதான் இன்சார்ஜ்."

அவர்கள் போன பிறகு அவள் முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். அழுகை வரும் என்று கொஞ்சம் காத்திருந்தாள். வரவில்லை. கையில் மூடி இருந்தது. அதை பாட்டிலில் வைத்து இறுக்கித் திருகினாள்.

திங்கள் காலை ஸ்டூலைக் காணோம். பீரோவின் உச்சியில் கால்கள் மேலாகக் கவிழ்ந்து கிடந்தது.

"ஸ்டூல் வேணும் சார்."

"எட்டினா எடுத்துக்கோயேன்" என்றான். மேனேஜர்கூடப் புன்னகைத்தார். அக்கா மட்டும் குடுவையைக் கொஞ்சம் சத்தமாகக் கீழே வைத்தாள்.

தேர்வாளர் புளிப்பின் அளவு முன்பே தெரிந்த வினிகர் கொண்டுவந்திருந்தார். விடை ஒட்டிய உறைக்குள் இருந்தது. முதலில் அவன். நிறம் மாறியதும் பியூரெட்டின் அடித் திருகை மூடிவிட்டு, பழக்கதோஷத்தில் பக்கத்து மேசையருகே நின்ற அவளைப் பார்த்தான். புருவம் உயர்ந்தது. எவ்வளவு?

அவள் கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது மட்டம். இருபத்து நாலு ஏழு. உதட்டை அசைத்தால் போதும், யாருக்கும் தெரியாது. அவள் தன் பிப்பெட் குழலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்ததையே துடைத்தாள்.

அவன் தோளைக் குலுக்கிவிட்டு, நிமிர்ந்த வாக்கில் மேலிருந்து பார்த்து இருபத்து நாலு மூன்று என்று எழுதினான். மூன்று முறை செய்தான். மூன்று முறையும் அதே எண்.

"மூணும் அச்சு மாதிரி ஒண்ணு சார்" என்றான் தேர்வாளரிடம். ஒரே தப்பை ஒரே மாதிரி செய்தால் அப்படித்தான் வரும். அதையும் அவள் சொல்லவில்லை.

அவள் முறை வந்தது. பியூரெட்டை ஸ்டாண்டிலிருந்து கழற்றினாள். தன் கண்ணுக்கு நேராகச் செங்குத்தாகப் பிடித்து பூஜ்யத்தைச் சரிசெய்தாள். திரும்ப மாட்டினாள். சொட்டு விட்டாள். முடிவைப் படிக்க அவள் குனியவும் வேண்டியிருக்கவில்லை, எம்பவும் வேண்டியிருக்கவில்லை.

தேர்வாளர் உறையைக் கிழித்தார். அவளுடைய எண்தான். அவனுடைய தாளைக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டாவது தடவை பார்த்தார்.

"இத்தனை வருஷ அனுபவம்னு சொன்னீங்க. இவரு ரீடிங் எடுக்கும்போது குனியவே இல்லையே. இதுவரைக்கும் யாரு படிச்சாங்க?"

மேனேஜர் அவனைப் பார்த்தார். அவன் கூரையைப் பார்த்தான். அவனுக்கு அது பக்கம்தான்.

சாயங்காலம் இன்சார்ஜ் மேசையில் இருந்த அவளிடம் வந்து நின்றான். "உனக்குத் தெரிஞ்சிருக்கு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"குள்ளனை நம்பாதேன்னு நீங்கதானே சார் சொன்னீங்க."

அவன் முகத்தில் முதலில் குழப்பம். பிறகு மேசைக்கடியைப் பார்த்தான். புரிந்துவிட்டது.

மறுநாள் அவள் அவனைத்தான் ஸ்டூலை இறக்கச் சொன்னாள். இறக்கினான். அவளிடம் நீட்டினான்.

"எனக்கு இல்லை. ஸ்டாண்டு முன்னாடி போடுங்க. இனிமே முடிவை நீங்களே உக்காந்து படிங்க. நான் சரிபார்த்துட்டுக் கையெழுத்துப் போடறேன்."

"நின்னே படிக்கிறேன்."

"நேத்து நின்னுதானே படிச்சீங்க."

அவன் உட்கார்ந்தான். முழங்கால்கள் மேசையில் இடித்தன. இடித்த இடத்தைத் தேய்க்கக் குனிந்தபோது அவன் தலை அவள் தோளுக்குக் கீழே வந்தது. இரண்டு வருடத்தில், அந்த லேபில் யாரும் பார்க்காத ஒன்றை இப்போதுதான் அவள் பார்த்தாள். உச்சியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வழுக்கை. அதை மறைக்கப் பக்கத்து முடியை அக்கறையாகச் சீவி விட்டிருந்தான்.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அக்கா குடுவைகளோடு உள்ளே வரும்வரை காத்திருந்தாள்.

"சார், உச்சியில முடி கொட்டுது போல இருக்கே" என்றாள். "சரி, சொல்லுங்க. எவ்வளவு?"